தாரை வார்த்த கை

நாகஜோதியின் கல்யாணத்தில் அவளுடைய அப்பா திருமேனி தாரை வார்த்த தண்ணீர் நிற்கவில்லை. மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து, அதற்கு மேல் தன் கையைக் குவித்து, மனைவி வள்ளிமயில் செம்பிலிருந்து ஊற்றிய தண்ணீரை விரலிடுக்கு வழியாக வழியவிட்டு, என் மகளை உங்கள் மகனுக்குக் கொடுத்தேன் என்று மூன்று தரம் சொல்லி முடித்த பிறகும், செம்பு காலியாகி வள்ளிமயில் அதைக் கீழே வைத்த பிறகும், அவருடைய பத்து விரல் நுனிகளிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டேயிருந்தது. யாரோ துண்டு கொடுத்தார்கள். துண்டு நனைந்தது. இன்னொரு துண்டு கொடுத்தார்கள், அதுவும் நனைந்தது. போட்டோவுக்கு நின்றபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், வேட்டியின் பின்பக்கம் முழுக்க ஈரமானது. பந்தியில் இலையில் போட்ட சோற்றைப் பிசைந்தார், அது பழைய சோறாகிவிட்டது. சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் வேன் ஏறித் திருமங்கலத்துக்குப் புறப்பட்டபோது அவர் கையை ஆட்டினார். துளிகள் தெறித்து வேன் கண்ணாடியில் விழுந்தன, நாகஜோதி உள்ளே இருந்து அதைப் பார்த்தாள்.

முள்ளிக்கரை மழையை நம்பி வாழ்ந்து ஏமாந்துபோன ஊர். நூற்றுச் சொச்சம் வீடுகள், சுற்றிலும் சீமைக்கருவேலம், போர் போட்டால் கரிக்கிற தண்ணீர், அதுவும் முந்நூறு அடிக்குக் கீழே. குடிக்கிற தண்ணீருக்குப் பெண்கள் ஆறு குடம் வைக்கிற தள்ளுவண்டியை நாலு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய், பக்கத்து ஊர் ஊருணியில் வரிசையில் நின்று, திரும்ப நாலு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வருவார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதனின் கையிலிருந்து தண்ணீர் வருகிறது என்றால் ஏன் வருகிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள், எவ்வளவு வருகிறது என்றுதான் கேட்பார்கள். கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில், பந்தல்காரர்கள் கம்பு பிடுங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் ஒரு குடத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"சும்மா மண்ணுல போகுதுல்ல அண்ணே, இதுல விடுங்க."

விட்டார். ஒரு ஆள் ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரத்தில் குடம் நிறைந்தது. பஞ்சவர்ணம் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தாள். இளநீர் மாதிரி இருக்கிறது என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். மதியத்துக்குள் அந்தத் தெருவில் குடம் போட இடமில்லை.

ஒரு மாதத்துக்குள் ஊர் அதைப் பழகிவிட்டது. ஊராட்சித் தலைவர் சேதுராமு சிமெண்டுத் தொட்டி கட்டி, அதற்கு மேல் தகரக் கொட்டகை போட்டு, திருமேனி உட்கார ஒரு நாற்காலியும் கையை வைக்க இரண்டு பக்கமும் குழந்தைத் தொட்டில் கம்பு மாதிரி இரண்டு தாங்கிகளும் செய்துகொடுத்தார். காலையில் தெற்குத் தெருவுக்கு, பத்து மணிக்கு மேல் வடக்குத் தெருவுக்கு, சாயங்காலம் ஆடு மாடுகளுக்கு என்று முறை வைத்தார்கள். வெள்ளிக்கிழமை யாரோ தொட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள், அடுத்த வெள்ளிக்கிழமை அவர் காலுக்கும் வைத்தார்கள். சாமி அருளிய தண்ணீர் என்றார்கள். வெளியூர்க்காரர்கள் பாட்டிலில் பிடித்துப் போனார்கள். அவர்களில் ஒருவர் தன் மாமனாரின் தோல் வியாதி இதில் குளித்துப் போய்விட்டதாகச் சொன்னார், இன்னொருவர் போகவில்லை என்றார், இரண்டையும் ஊர் ஒரே மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டது.

ஒரே ஒருத்தி மட்டும் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. வள்ளிமயில் தினமும் விடிந்ததும் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு தனியாக நாலு கிலோமீட்டர் போய், வரிசையே இல்லாத ஊருணியில் நீர் மோந்துகொண்டு, தனியாகத் திரும்பி வந்தாள். மதினி ஏதோ நேர்ந்துகொண்டிருக்கிறாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவள் நேர்ந்துகொள்ளவில்லை. அவளுக்குத் தெரியும்.

திருமேனி பத்திர எழுத்தர். பத்து கிலோமீட்டர் தள்ளியிருந்த ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில், ஒரு தகரப் பெட்டியும் சாய்வு மேசையும் போட்டு, இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்து எழுதியவர். கிரயம், தானம், பாகம், விடுதலை என்று எது வந்தாலும் மடமடவென்று எழுதுவார். கொடுத்து, அளித்து, வழங்கி, ஈந்து, ஒப்படைத்து, தத்தம் செய்து, தாரை வார்த்து என்று கொடுப்பதற்கு மட்டும் அவரிடம் பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள் இருந்தன. எல்லாப் பத்திரத்திலும் கடைசிப் பக்கத்தில், யாருடைய தூண்டுதலும் இல்லாமல் மனப்பூர்வமாகச் சம்மதித்து எழுதிக்கொடுத்தது என்று ஒரு வரி வரும். அந்த வரியை அவர், கையெழுத்துப் போடவேண்டிய ஆள் வருவதற்கு முன்னாலேயே எழுதி வைத்துவிடுவார். வந்த ஆளிடம் இங்கே இங்கே இங்கே என்று விரலால் காட்டுவார். சம்மதமா என்று அவர் ஒருத்தரிடமும் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால், ஆபீஸ் வாசலில் வைத்துத் தபால்காரர் அவரிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். நாகஜோதி பேருக்கு மதுரையிலிருந்து வந்திருந்தது. ஒரு கண் ஆஸ்பத்திரியில், பார்வை சோதித்துக் கண்ணாடிக்கு அளவு எடுக்கிற படிப்புக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், ஆவணி இருபதாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்று போட்டிருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் திருமங்கலத்துப் பெயிண்ட் கடைக்காரர் வீட்டிலிருந்து, தங்கள் பையன் தவசிலிங்கத்துக்குப் பெண் கேட்டு வந்து போயிருந்தார்கள். நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை, பெண்ணைக் கொடுத்தால் போதும் என்றார்கள். நல்ல இடம். திருமேனி வாக்குக் கொடுத்துவிட்டார். கடிதத்தைப் படித்தார், இரண்டாக மடித்தார், தகரப் பெட்டியில் பத்திரத்தாள்களுக்கு அடியில் வைத்தார்.

நாகஜோதி அந்த இரண்டு மாதத்தில் மூன்று தரம் கேட்டாள். "அப்பா, எனக்கு லெட்டர் ஏதாச்சும் வந்துச்சா?"

மூன்று தரமும் அவர் சொன்னார்: "வரலையேம்மா."

கல்யாணத்துக்குச் சம்மதமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வள்ளிமயிலிடமும் கேட்கவில்லை. அவளிடம் சொன்னார், அவ்வளவுதான். தேதி குறித்தாயிற்று என்று சொன்னார். அவள் "அவகிட்டக் கேட்டீங்களா?" என்று ஆரம்பித்தபோது, "நல்ல இடம்டீ" என்று முடித்துவிட்டார்.

கையில் தண்ணீர் ஊறத் தொடங்கியபின் அவரால் எழுத முடியவில்லை. மை கலைந்தது, பத்திரத்தாள் ஊறிக் கிழிந்தது, ரிஜிஸ்தர் ஆபீஸில் தரையெல்லாம் ஈரமாகிறது என்று வாசலோடு நிறுத்திவிட்டார்கள். தகரப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டார். வள்ளிமயில் அதைத் துடைத்து வைக்கலாம் என்று திறந்தவள் கடிதத்தைப் பார்த்தாள். எட்டாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தாள். அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்து, குடம் பிடிக்கிற பெண்கள் எல்லாரும் போகும்வரை நின்றிருந்து, பிறகு அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது எப்ப வந்துச்சு?"

அவர் தொட்டியைப் பார்த்தபடி சொன்னார். "ஆனியில."

"புள்ள கேட்டாளே."

"கேட்டா."

வள்ளிமயில் அழவில்லை, கத்தவில்லை. கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சுருட்டி அவர் சட்டைப் பையில் செருகினாள். "இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். மறுநாள்தான் அவள் முதல்முதலாகத் தனியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனது.

அதன் பிறகு அருள் அருள் என்று ஊர் சொல்லும்போதெல்லாம் திருமேனிக்குச் சட்டைப் பை கனத்தது. யாராவது காலைத் தொட்டுக் கும்பிட்டால் காலை இழுத்துக்கொண்டார். அதை ஊர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டது. ஒருநாள் கொட்டகையில் சேதுராமு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்கோ ஒரு ஊரின் ஏரியை யாருக்கோ தாரை வார்த்துவிட்டார்கள் என்று செய்தி போட்டிருந்தது.

"ஏன் சம்பந்தி," என்றார் சேதுராமு, ஊரில் எல்லாரையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார், "கல்யாணத்துல பொண்ணக் குடுக்கிறதும் தாரை வார்க்கிறதுதான், ஊர் சொத்த எவனுக்கோ தூக்கிக் குடுக்கிறதும் தாரை வார்க்கிறதுதானா? ஒண்ணு நல்லது, ஒண்ணு கெட்டது. ரெண்டுக்கும் எப்பிடி ஒரே வார்த்தை வந்துச்சு? நீங்கதான எழுதுறவரு, சொல்லுங்க."

திருமேனி யோசித்தார். "தண்ணி ஊத்திக் குடுத்தா திரும்ப வாங்க முடியாதுன்னு அர்த்தம். கோயிலுக்கு நிலம் குடுத்தாலும் அப்பிடித்தான் ஊத்திக் குடுப்பாங்க."

"அது சரி. கெட்டது எப்பிடி வந்துச்சு?"

"ஏரி அந்த ஊர்க்காரங்களுது. அவங்களக் கேக்காமக் குடுத்துட்டாங்க" என்று சொன்னவர், சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொண்டார். தாங்கியில் கிடந்த கையிலிருந்து தண்ணீர் கூஜாவைச் சாய்த்தாற்போல் கொட்டியது. வரிசையில் நின்றவர்கள் சந்தோஷமாகக் குடங்களை முன்னால் தள்ளினார்கள்.

பங்குனி மாதம், வெயில் ஏறத் தொடங்கியபோது, அவர் தாங்கமாட்டாமல் ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டார். கடிதம் வந்தது, மறைத்தது, மூன்று தரம் பொய் சொன்னது, மகளைக் கேட்காமல் கொடுத்தது எல்லாவற்றையும் சொன்னார். இது அருள் இல்லை, நான் செய்த பாவம் கசிகிறது, திருமங்கலம் போய் அவளிடம் கேட்கப்போகிறேன் என்றார்.

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவர் காத்திருந்தார். சேதுராமுதான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"போயிக் கேட்டா நின்னுருமா?"

"தெரியல. நின்னுரும்னு தோணுது."

"சித்திரை, வைகாசி போகட்டும் சம்பந்தி. மழை விழுந்ததும் நானே கார் வச்சுக் கூட்டிட்டுப் போறேன். பொண்ணு எங்க போயிறப்போகுது?"

பஞ்சவர்ணம் எழுந்து நின்றாள். பதினாறு வயதில் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, இருபத்திரண்டு வருஷம் வண்டி தள்ளியவள். "அண்ணே," என்றாள், "நான் தப்பாச் சொன்னா மன்னிச்சுக்கிருங்க. ஆறு மாசமா எனக்கு இடுப்பு வலிக்கல. ராத்திரி பொரண்டு படுக்க முடியுது. உங்க மக எம்மடியில வளந்த புள்ள, அது நல்லாருக்கணும்னுதான் நானும் கும்புடுறேன். ஆனா இந்தக் கோடை போறவரைக்கும் தள்ளிப்போடுங்கண்ணே."

திருமேனி தலையை ஆட்டினார். ஊருக்காகத்தான் ஆட்டினார் என்று அன்றைக்கு எல்லாரும் நினைத்தார்கள், அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது நெஞ்சு லேசாகியிருந்தது அவருக்கே தெரிந்தது. பரீட்சையைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட பிள்ளைக்கு இருப்பதைப் போன்ற லேசு. வாசலில் நின்றிருந்த வள்ளிமயில் அவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

முதல் ஆடிக்கு நாகஜோதியும் தவசிலிங்கமும் வந்தார்கள். தவசிலிங்கம் அமைதியான பையன், கண்ணாடி போட்டவன், பேசும்போது சுவரைப் பார்த்துப் பேசுவான், குடிக்கிறவனோ அடிக்கிறவனோ இல்லை. ஊர் முழுக்கத் தொட்டியைச் சுற்றி நின்று மாப்பிள்ளைக்குத் தண்ணீரின் மகிமையைச் சொன்னது. நாகஜோதி பஞ்சவர்ணம் நீட்டிய டம்ளரை வாங்கிக் குடித்தாள். ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்து ஓரமாகத் துப்பினாள்.

"என்ன அத்தே, கரிக்குது?"

எல்லாரும் சிரித்தார்கள். டவுன் தண்ணீர் குடித்து நாக்கு மாறிப்போயிற்று என்றார்கள். பஞ்சவர்ணம் அதே டம்ளரில் மிச்சத்தைக் குடித்து, இளநீர் மாதிரி இருக்கிறது என்று சத்தியம் செய்தாள்.

நாகஜோதி மூன்று நாள் இருந்தாள். ஒவ்வொரு நாளும் குடம் பிடிக்கிறவர்கள் போன பிறகு கொட்டகைக்கு வந்து, தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, தண்ணீரில் விரலால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். எதையோ கேட்க வந்தவள் போல் இல்லை, அப்பா எதையோ சொல்வார் என்று காத்திருப்பவள் போல் இருந்தாள். திருமேனி ஒவ்வொரு நாளும் வாயைத் திறந்தார். முதல் நாள் "சாப்பிட்டியாம்மா" என்றார். இரண்டாம் நாள் "மாப்பிள்ளைக்குக் கோழி பிடிக்குமா" என்றார். மூன்றாம் நாள், "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாமே" என்றார். நாகஜோதி எழுந்து புடவைக் கரையைப் பிழிந்துவிட்டுப் போனாள். பஸ்ஸில் ஏறியவள் அம்மாவைப் பார்த்துக் கையாட்டினாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. சேதுராமு காரைப் பற்றிப் பேசவில்லை. ஆளாளுக்குக் கொல்லையில் மிளகாய் போட்டிருந்தார்கள், மழை விட்டபின் தொட்டியிலிருந்து ஓடை வெட்டிவிட்டிருந்தார்கள், நாற்பது வருஷத்தில் இல்லாத விளைச்சல். மிளகாய்ப் பழம் எடுத்து முடிக்கட்டும் என்றார்கள். திருமேனி பழம் எடுத்து முடிக்கட்டும் என்று தனக்கும் சொல்லிக்கொண்டார்.

மாசியில், வெளியூரிலிருந்து ஒரு ஆள் தன் மகளைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். கையில் தாம்பூலத் தட்டு, அதில் பத்திரிகை. மகளுக்குப் பதினெட்டு வயதிருக்கும். புதுப் புடவையின் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் நின்ற கன்றுக்குட்டி மாதிரி நின்றாள்.

"ஐயா," என்றார் அந்த ஆள், "வர்ற பதினொண்ணாந் தேதி மகளுக்குக் கல்யாணம். நீங்கதான் வந்து உங்க கையால தாரை வார்த்துக் குடுக்கணும். அருளுள்ள கை. இந்தக் கையால குடுத்தா புள்ள நல்லாருக்கும்."

திருமேனி அந்தப் பெண்ணைப் பார்த்தார். "உனக்குச் சம்மதமாம்மா?"

அந்தக் கேள்வியை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தரிடம் கேட்டிருந்தார். அது எப்படியோ வேறு ஒருத்தர் மகளிடம் வந்து விழுந்திருந்தது. அந்தப் பெண் தன் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அங்கே பதில் எழுதியிருக்கிறதா என்று தேடுகிறவள் போலப் பார்த்தாள்.

"அதெல்லாம் சம்மதந்தாங்க ஐயா" என்றார் அப்பா, சிரித்துக்கொண்டே. "அதுகிட்ட என்ன கேக்குறது?"

திருமேனியின் கையிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டு வந்து தொட்டியை நிரப்பி, விளிம்பு தாண்டி, வந்தவரின் செருப்பை நனைத்து, தட்டில் இருந்த பத்திரிகையை நனைத்தது. வந்தவர் பயந்து பின்வாங்கினார். "என்னால முடியாதுங்க" என்றார் திருமேனி. "கூட்டிட்டுப் போங்க. போயி அதுகிட்டக் கேளுங்க."

மறுநாள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார்கள் என்பது ஒன்று. தடுத்தால் நின்றுவிடுவோம் என்பது இன்னொன்று. முதல் பஸ்ஸுக்கு, தெற்குத் தெரு குடம் எடுத்து வருவதற்கு முன்னால், ஏறிவிட்டார். கண்டக்டர் பஸ் நனையும் என்றார். ஜன்னலோரம் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் வெளியே தொங்கவிட்டுக்கொண்டார். முள்ளிக்கரையிலிருந்து திருமங்கலம் வரை ரோட்டின் இடது ஓரத்தில் ஈரக்கோடு ஒன்று நீண்டுகொண்டே போனது. பஸ் நின்ற இடங்களில் ஆடுகள் வந்து அவர் விரலை நக்கின.

பெயிண்ட் கடைக்குப் பின்னால்தான் வீடு. நாகஜோதி கதவைத் திறந்தவள், அவர் தனியாக வந்திருப்பதையும் கையையும் பார்த்துவிட்டு, ஒரு வாளியை எடுத்துவந்து வராந்தாவில் வைத்தாள். அவர் உட்கார்ந்து கையை வாளிக்குள் விட்டார்.

"சட்டைப் பையில ஒரு கவர் இருக்கு. எடும்மா."

அவள் எடுக்கவில்லை. "தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"எங்கூடப் படிச்ச புஷ்பவல்லி அங்கதான் சேர்ந்தா. கல்யாணம் முடிஞ்ச மூணாம் மாசம் போன் பண்ணா. உனக்கும் லெட்டர் போட்டாங்களே, நீ ஏன் வரலன்னு கேட்டா." நாகஜோதி வாசல்படியில் உட்கார்ந்தாள். "ஆடிக்கு வந்தப்ப நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன். மூணு நாள் பார்த்தேன். கோழி பிடிக்குமான்னு கேட்டீங்க."

திருமேனி குனிந்தே இருந்தார். "நான் கேக்கணும்னு வந்தேன்மா."

"கேளுங்க."

கேட்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. பத்திரத்தில் ஆயிரம் தடவை எழுதிய வரி நாக்குக்கு வந்தது, அது கேள்வியாக இல்லை. "இப்பவே எங்கூட வந்துர்றியா? நான் கூட்டிட்டுப் போயிர்றேன்" என்றார்.

"அது கேக்கிறதா?" என்றாள் நாகஜோதி. "அங்கருந்து இங்க குடுத்தீங்க, இங்கருந்து திரும்ப எடுத்துட்டுப் போறீங்க."

அவர் மறுபடி யோசித்தார். "மதுரையில போயி நானே பேசி உன்னயச் சேத்துவிடட்டுமா?"

"அதுவும் நீங்க குடுக்கிறதுதான்." அவள் குரல் உயரவில்லை. "உங்க கை நிக்கணும்னு கேக்கிறீங்களா, எனக்குப் பதில் வேணும்னு கேக்கிறீங்களா?"

வாளி நிறைந்துவிட்டது. அவள் எழுந்து அதைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து மறுபடி வைத்தாள். இரண்டாவது வாளி பாதி நிறைந்தது. பிறகு தலையைத் தூக்கி, ஊருக்குப் புதிதாக வந்த ஒருத்தர் வழி விசாரிப்பதுபோல, மகளின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"உனக்கு என்னம்மா வேணும்?"

நாகஜோதி வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் தவசிலிங்கம் யாருக்கோ டப்பாவைக் குலுக்கிக் கொடுக்கிற சத்தம் கேட்டது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

"சரிம்மா."

"எத்தன நாள் ஆகும்னு தெரியாது."

"சரிம்மா."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டார். திரும்பும் பஸ்ஸில் பழக்கத்தில் கையை வெளியே விட்டுக்கொண்டே வந்தார். பாதி வழியில் கண்டக்டர், "பெரியவரே, கைய உள்ள எடுங்க, எதுத்தாப்புல லாரி வருது" என்று அதட்டினார். உள்ளே இழுத்துப் பார்த்தபோது கை காய்ந்திருந்தது. ஒன்றரை வருஷம் ஊறிக்கிடந்த தோல் வெள்ளை வெள்ளையாக உரிந்து, அடியில் வேறு யாருடையதோ போல ஒரு இளஞ்சிவப்புக் கை இருந்தது. அவர் அழுதார். சந்தோஷத்திலா என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். அவரால் சொல்ல முடியவில்லை.

முள்ளிக்கரை நிறுத்தத்தில் குடத்தோடு பெண்கள் நின்றிருந்தார்கள். காலையிலிருந்து நின்றவர்களும் இருந்தார்கள். அவர் இறங்கிக் கையை விரித்துக் காட்டினார். பெண்கள் குடங்களைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு கலைந்து போனார்கள். சேதுராமு மட்டும், "பழம் இன்னும் பாதி செடியில நிக்குது சம்பந்தி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் விடிந்தபோது, பஞ்சவர்ணம் கொல்லையில் கிடந்த வண்டியைக் கவிழ்த்துச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். திருமேனி போய் நின்றார்.

"நான் தள்ளிட்டுப் போயி எடுத்தாறேன் பஞ்சவர்ணம். நீ இரு."

"வேணாம்ணே."

"உன் இடுப்பு..."

அவள் நிமிர்ந்தாள். "மகளக் கேக்கப் போனீங்க, அது சரி, போகத்தான் வேணும். நான் கோடையில தடுத்தது என் தப்புதான், ஒத்துக்கிறேன். ஆனா நேத்து காலையில நாங்க குடத்தோட வந்து நின்னப்ப நாக்காலி மட்டும் கெடந்துச்சு. இன்னைலருந்து வராது, போயி வண்டியத் தேடுங்கன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அண்ணே. குடுக்கும்போதும் கேக்கல, நிறுத்தும்போதும் கேக்கலையா?"

அவர் அங்கேயே நின்றார். பஞ்சவர்ணம் ஆறு குடங்களை அடுக்கி, இடுப்பில் துணியை இறுகக் கட்டி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அவளுக்குப் பின்னால் தெருவிலிருந்து இன்னொரு வண்டி, இன்னொரு வண்டி என்று பத்து நிமிஷத்தில் எல்லா வண்டிகளும் ரோட்டுக்கு வந்துவிட்டன. சக்கரங்கள் கிரீச்சிடுகிற சத்தம் கருவேலங்காட்டைத் தாண்டிப் போகும்வரை கேட்டது.

அன்று சாயங்காலத்திலிருந்து திருமேனி வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, சொல்லாமல் போனது தப்பு என்றார், நான் என்ன செய்யட்டும் என்று கேட்டார். சிலர் உட்காரச் சொன்னார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி, என் வீட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் எடுத்துக்கொடு என்றாள், எடுத்துக்கொடுத்தார். ஒருவர், கலெக்டர் ஆபீஸுக்குக் குழாய் கேட்டு மனு எழுதிக்கொடு என்றார், எழுதினார். கடைசி வரியில், நாங்கள் எல்லாரும் சம்மதித்து என்று எழுதுவதற்கு முன்னால், அந்த மனுவை எடுத்துக்கொண்டு நூற்றுச் சொச்சம் வீட்டுக்கும் போய்ப் படித்துக் காட்டிவிட்டு வந்தார். அதற்கு எட்டு நாள் ஆனது. பஞ்சவர்ணம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

சித்திரை போய், வைகாசி பாதியில், நாகஜோதி அம்மாவுக்குப் போன் செய்தாள். மதுரைக்கு அவளே புதிதாக விண்ணப்பம் போட்டிருந்தாள், அவளே போய்ப் பரீட்சை எழுதினாள், இடம் கிடைத்திருக்கிறது. தவசிலிங்கத்திடம் கேட்டபோது அவன் மூன்று நாள் சுவரோடுகூடப் பேசவில்லை. நாலாம் நாள், வாரக் கடைசியில் வருவியா என்று கேட்டான். அது இன்னும் முடிவாகவில்லை. வள்ளிமயில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டே கொல்லைப் பக்கம் திரும்பி, "உங்ககிட்டப் பேசணுமாம்" என்றாள்.

திருமேனி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். துடைக்க ஒன்றும் இருக்கவில்லை.

"சேரப்போறேன்ப்பா. ஆனி பத்தாம் தேதி."

"சரிம்மா. நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"நீ சேர்ற அன்னைக்கு நான் வரட்டுமா? வாசல் வரைக்கும்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஒரு வார்த்தைகூட இடையில் போடாமல் நின்றார்.

"வேணாம்ப்பா" என்றாள் நாகஜோதி. "இப்ப வேணாம்."

"சரிம்மா" என்றார்.

போனை வைத்தபின், அடுப்படி வாசலில் நின்றிருந்த வள்ளிமயில் என்ன சொன்னாள் என்று கேட்டாள். திருமேனி அவள் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுக்கவேண்டிய சேதியைச் சொல்கிறவர் போல அதைச் சொன்னார்.

"வேணாம்னு சொல்லிட்டா."